கம்பியைத் தாண்டவில்லை

1

திதி கொடுத்தீர்களா என்று மங்கை கேட்டாள். கொடுத்தோம் என்றேன். எங்கே என்றாள். முதல் நாள் வீட்டில், மறுநாள் மலையில் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு அவளுக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் தூங்காமல் கிடப்பானேன்?

மங்கை என் நாத்தனார். என் கணவர் குமரேசனின் தங்கை. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆடும் மழையும் மலையும் தவிர வேறொன்றும் அதிகமில்லாத ஒரு சின்ன ஊரில் நாங்கள் குடியேறி, பெண்ணைப் பெற்று, அவளைக் கல்லூரிக்கு அனுப்பும் வரை வந்துவிட்டோம். குமரேசன் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். போன வருடம் ஒருநாள் வேலை முடிந்து பேருந்துக்காக நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பேருந்து வந்தபோது அவர் ஏறவில்லை.

வருடத் திதி எந்த நாள் என்பதில் முதல் குழப்பம். காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாள் பார்க்கிறவர் ஒரு நாள் சொன்னார். இங்கே பெரிய நகரத்துக் கோயில் குருக்கள், உங்கள் சூரியன் எழும்போது எந்தத் திதியோ அதுதான் கணக்கு என்று சொல்லி அடுத்த நாளைச் சொன்னார். நவம்பரில் எங்கள் சூரியன் எழுகிறதா என்பதே ஒரு கேள்வி. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. கடைசியில் என் மகள் கயல்விழிதான் தீர்ப்பு சொன்னாள்.

"ரெண்டு நாளும் பண்ணிடலாம் மா. அப்பா கோச்சிக்க மாட்டாரு."

முதல் நாள் வீட்டில் படையல் போட்டு, இலையில் சோறு வைத்துப் பின்கட்டில் காத்திருந்தோம். காக்கை வரவில்லை. பெரிய வெள்ளைக் கடற்பறவை ஒன்று இறங்கி வந்து சோறு, வடை, இலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போனது. வீடியோவில் பார்த்த மங்கை, அதுவும் ஒரு ஜாதி காக்காதான் விடுங்க அண்ணி என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். அவள் முகத்தில் சமாதானம் இல்லை.

2

நான் மலைக்குப் போகத் தொடங்கியதே டாக்டர் சீட்டினால்தான்.

குமரேசன் போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருத்துவமனையில் பெயர் பதிகிற பெண்ணிடம், என் ஹஸ்பண்ட் எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பால் பாக்கெட்டுதான் எக்ஸ்பயர் ஆகும் என்று வீட்டுக்கு வந்ததும் கயல் சொன்னாள். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் வெகு நாள் சிரிக்கவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வாரம் ஒரு நாள் மலை நடைக் குழுவில் சேரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சேருவதற்கு முன்னால் ஒரு படிவம். எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையாக உணர்கிறேன்: எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை. எதிரில் இருந்தவள் பாவம், நல்ல பெண்ணாக இருந்தாள். அவளுக்காக 'எப்போதாவது' என்பதில் டிக் போட்டேன்.

மங்கைக்கு இது பிடிபடவே இல்லை. "இன்னா அண்ணி, நடந்துட்டு வான்னு சொல்றதுக்கா அவரு அவ்ளோ படிச்சாரு? அதுவும் சாமி இல்லாத மலைக்கு?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். மலை என்றால் மேலே ஒரு சாமி இருக்க வேண்டும், இறங்கி வந்தால் பிரசாதம் இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்குத் தெருமுனைக்குத் தெருமுனை கோயில் உண்டு, ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது.

குழுவை நடத்துகிறவள் மோரா, எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவள். முதல் நாள் நான் குடையோடு போனேன். மோரா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் காற்றே குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தறி மிதித்த கால்தான், ஆனால் அது உட்கார்ந்தபடி மிதித்த கால். அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் விடியும் வரை தூங்கினேன்.

அதிலிருந்து விடவில்லை. துக்கத்தில் உடம்பு வலிக்கும். எங்கே வலிக்கிறது, எதற்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, யாராவது கேட்டால் கோபம்தான் வரும். மலை ஏறி வந்த வலி அப்படியில்லை. தொடை வலிக்கிறதா, நேற்று அந்தச் சரிவில் ஏறினோம், நாளைக்குச் சரியாகிவிடும். காரணமும் முடிவும் உள்ள ஒரு வலி எனக்கு அப்போது தேவையாக இருந்தது. பசிக்கும் முன்னால் சாப்பிடு, களைக்கும் முன்னால் வேகத்தைக் குறை, முன்னால் போகிறவரைத் துரத்தாதே என்று மோரா சொல்லிக்கொண்டே வருவாள். கோடைக்குள் நடையும் ஓட்டமுமாகச் சின்ன மலைகளைச் சுற்றி வரத் தொடங்கினேன். ஓட்டம் என்று நான் சொன்னால் நிஜமாக ஓடுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

3

நிஜமாக ஓடுகிறவள் என் மகள். கயல்விழி என்று ஆசையாக வைத்த பெயரை இங்கே பள்ளிக்கூடத்தில் கே என்று வெட்டிவிட்டார்கள். அவளை மலைக்குப் பழக்கியவர் அப்பா. விடுமுறை கிடைத்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள், சேறும் சகதியுமாகத் திரும்பி வருவார்கள். நான் பாத்ரூமைக் கழுவிக்கொண்டே திட்டுவேன். வளர வளர அவள் நீண்ட மலையோட்டப் போட்டிகளுக்குப் போனாள். அவர் வழியில் ஏதாவது ஒரு திருப்பத்தில் பிளாஸ்கோடு நின்று கைதட்டுவார்.

அவர் போன பிறகு அவள் போட்டிகளை விட்டுவிட்டாள். ஓட்டத்தை விடவில்லை. கல்லூரியிலிருந்து வரும் சனி ஞாயிறுகளில் யாரிடமும் வழி சொல்லாமல், வானிலை பார்க்காமல், தனியாகப் போனாள். முழங்காலில் ரத்தத்தோடு வருவாள். எங்கே போனாய் என்றால் அவுட் என்பாள். எந்தப் பக்கம் என்றால் மேலே என்பாள். ஒரு நாள் அவள் சொன்னதை மறக்க முடியாது.

"அப்பா அங்கதான் மா இருக்காரு. நீ வீட்டுல தேடிக்கினு இருக்க."

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். இவள் ஒரு நாள் மேலே போவாள், திரும்ப மாட்டாள். போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுவார், நான் மறுபடி எக்ஸ்பயர் என்று தப்பான வார்த்தையைச் சொல்வேன். என் நடை, என் மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருந்தது. அவள் போகும் இடத்துக்கு நானும் போக முடிய வேண்டும்.

4

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயத்தை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாவு என்றால் பட்டுச் சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள்; தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைக் காலையில் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டுவார்கள். இழைகளைப் பிரித்து, கஞ்சி போட்டு, அறுந்ததை முடிந்து சரிசெய்ய வேண்டும். ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று, எதிரும் புதிருமாக நகர்ந்துகொண்டே வேலை பார்ப்பார்கள். தெருவில் யார் வந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், பாவைத் தாண்டக் கூடாது. அதன் நுனி வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு நேரமான பிள்ளைகூடத் தாண்டாது.

எங்கள் தெருவில் இன்னொன்றும் உண்டு. பாவு நீளம், கத்தினால் காதில் விழாது. அதனால் நுனியில் நிற்கிறவர் இழுத்துச் சேதி சொல்வார். ஒரு இழுப்பு என்றால் நில், அங்கே ஏதோ அறுந்திருக்கிறது. இரண்டு இழுப்பு என்றால் வா. நிற்கிறவர் மட்டும்தான் இழுக்கலாம். நடக்கிறவர் இழுக்கக் கூடாது, இழுத்தால் சேதி குழம்பிவிடும். நடக்கிறவர் கண் இழையை விட்டு எழும்பவும் கூடாது. எதிர்ப்பக்கம் யார் வருகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தால் அம்மாவிடம் அடி விழும்.

குமரேசன் எதிர் வீட்டுப் பையன். அவர் நுனியில் நிற்கிற நாளில் இவை தவிர மூன்றாவதாக ஓர் இழுப்பு வரும். ஒன்று, கொஞ்சம் விட்டு, சின்னதாக இரண்டு. அதற்கு அர்த்தம் கிடையாது, சும்மா. அந்தச் சும்மாவில்தான் எங்கள் கல்யாணம் முடிவானது. இங்கே வந்த பிறகும் கொல்லையில் துணி காயப்போடும்போது கொடியின் அந்த முனையிலிருந்து இழுப்பார். கயல் குழந்தையாக இருந்தபோது அவளுக்கும் எல்லா இழுப்பும் பழக்கிவிட்டார். ஈரத் துணியெல்லாம் புல்லில் விழும்.

5

இரண்டாவது திதி நாளில் நான் கோயில் இட்லி செய்தேன். மிளகு, சுக்கு, சீரகம் போட்டு, மந்தாரை இலைக்கு இங்கே எங்கே போவது, டம்ளரில் ஊற்றி வேகவைத்தது. இரண்டு நாள் பையில் கிடந்தாலும் கெடாது. மோராவின் குழுவில் என் இட்லிக்குத் தனி மரியாதை உண்டு. அவருக்கும் அது பிடிக்கும், ஒவ்வொரு மலைக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போவார்.

அவரும் கயலும் அடிக்கடி போன மலைக்குத்தான் போனோம். அவளாகத்தான் கூப்பிட்டாள். வருகிறாயா என்று கேட்டுவிட்டு, வரமாட்டாய் என்பதுபோல ஷூ மாட்டத் தொடங்கினாள். நான் ஏற்கெனவே மாட்டியிருந்தேன்.

காலை நன்றாக இருந்தது. காற்றே இல்லை. அவள் முன்னால் ஓடுவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், நான் பக்கத்தில் வருவதற்குள் மறுபடி ஓடுவாள். முகட்டுக்கு ஏறியதும் பழைய இரும்பு வேலி ஒன்று வந்தது. பண்ணைகளுக்கு எல்லையாக எப்போதோ போட்டது. தொடக்கத்தில் ஒரு கல்குவியல், அங்கிருந்து துளையிட்ட இரும்புத் தூண்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் வரிசையாகப் போகின்றன. கம்பிகளெல்லாம் போய் ஒன்றுதான் மிச்சம். இடுப்புயரத்தில், கொஞ்சம் தொய்வாக, தூணுக்குத் தூண் நீண்டு கிடந்தது.

பாதி முகட்டில் மேகம் இறங்கியது. இங்கே அது சொல்லிக்கொண்டு வராது. முதலில் எதிர் மலை போயிற்று, பிறகு நாங்கள் ஏறி வந்த சரிவு போயிற்று, பிறகு என் மகளைத் தவிர எல்லாம் போயிற்று. கீழே இறங்குகிற பாதை வேலிக்கு அந்தப் பக்கம் என்று சொல்லி, கம்பியை அழுத்திக் காலைத் தூக்கித் தாண்டினாள். என்னையும் வரச் சொன்னாள்.

என் கால் எழும்பவில்லை. பயமில்லை, வலியுமில்லை. இடுப்புயரத்தில் நீளமாக ஒன்று கட்டியிருக்கிறது, நான் அதைத் தாண்ட மாட்டேன். நுனி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"அம்மா, இது கம்பி மா. பாவு இல்ல."

"தெரியுது. நீ நில்லு, நான் சுத்திக்கினு வரேன்."

அவளுக்குக் கோபம். அப்பாவாக இருந்தால் தாண்டியிருப்பார் என்று முணுமுணுத்தாள். அவர் தாண்டியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பிச் சில அடிகள் எடுத்து வைத்தாள். மேகம் அவள் முதுகின் மேல் மூடிக்கொண்டது.

6

கூப்பிட்டேன். என் குரல் என் வாயை விட்டே போகாததுபோல இருந்தது. விசிலை ஊதினேன். அதுவும் அப்படித்தான். வழி தெரியாத இடத்தில் சுவரோ வேலியோ கிடைத்தால் கையை எடுக்காமல் அதன் கூடவே போ என்று மோரா சொல்லியிருக்கிறாள். கம்பியில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். எந்தத் திசை என்று யோசிக்கவில்லை. அவள் முதுகு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம்.

சில தூண்கள் தாண்டியதும் கம்பி இழுத்தது.

காற்று அடித்தால் கம்பி நடுங்கும். இது நடுக்கமில்லை. யாரோ பிடித்து இழுத்து விட்டார்கள், மறுபடி இழுத்து விட்டார்கள். இரண்டு இழுப்பு. வா. என் நெஞ்சு அப்படியே லேசானது. கயல் எங்கேயோ நின்று கம்பியைப் பிடித்திருக்கிறாள், கொடிக் கயிற்றில் படித்தது மறக்கவில்லை. நான் வேகமாக நடந்தேன். பதிலுக்கு இழுக்கவில்லை. நடக்கிறவள் இழுக்கக் கூடாது.

மறுபடி இரண்டு. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இரண்டு.

அப்போதுதான் அந்தப் பக்கத்துச் சத்தம் காதில் விழுந்தது. ஈரப் புல்லில் கால் வைக்கிற சத்தம். கம்பிக்கு அந்தப் பக்கம், என் கைக்கு எதிரில், என் நடைக்குச் சமமாக. நான் நின்றால் அது நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. ஆடு என்று நினைத்தேன். ஆட்டுக்கு நான்கு கால். இது இரண்டு கால் நடை, அவசரமில்லாத நடை. நான் தலையைத் தூக்கவில்லை. அம்மாவின் அடி இத்தனை வருடம் கழித்தும் என் கழுத்தைக் குனிந்தபடியே வைத்திருந்தது என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். அது உண்மையில்லை. தலையைத் தூக்கினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயம் பாதி. யாராவது இருப்பார்கள் என்ற பயம் பாதி. கண்ணைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அதன் துருவும், அதில் தொங்கிய நீர்த்துளிகளும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

ஒரு தடவை அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வெற்றிலை போடாதவர், சிகரெட் பிடிக்காதவர், ஆனாலும் பேசுவதற்கு முன் எப்போதும் செருமுவார். பேச்சு வரவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன், அழுகிறேன் என்பதும் கன்னத்தில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஒரு தூணருகே புல்லின் சத்தம் நின்றது. நான் நிற்கவில்லை. அடுத்த தூணில் கயல் இருந்தாள்.

7

அவள் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. சரிவில் வழுக்கி, ஊர்ந்து, கைக்குக் கம்பி கிடைத்ததும் பிடித்துக்கொண்டாளாம். நான் கம்பிக்கு மேலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். வாயில் என்ன வந்ததோ எல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் குழந்தையாக இருந்தபோது என்மேல் சாய்கிற மாதிரி சாய்ந்தாள்.

மேகம் கிழிந்தது, முழுதாக இல்லை, ஒரு ஜன்னல் அளவுக்கு. அவளைத் தாண்டி நாலைந்து அடியில் தரை இல்லை. மழையில் முகடு சரிந்திருக்கிறது. அடுத்த தூணே கிடையாது. கம்பி தரையின் விளிம்பைத் தாண்டி, அறுந்த நுனியோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையில் போனால் பாதை வரும் என்று நினைத்து அவள் எழுந்தாளாம். நுனி வரை போய்ச் சுற்றி வருகிறேன் என்று சொன்ன நானும் அதே திசையில்தான் வந்திருக்கிறேன்.

"நல்ல வேளை நீ இழுத்த மா," என்றாள். "நான் எழுந்துக்கும்போதெல்லாம் ஒரு இழுப்பு. நில்லு, நில்லுன்னு. அதான் உக்காந்துட்டேன்."

நான் நடந்துகொண்டிருந்தேன், நடக்கிறவள் எப்படி இழுப்பேன் என்றேன். நீதானே இரண்டு இழுப்பு இழுத்து வா வா என்று கூப்பிட்டாய் என்றேன்.

"நான் பிடிச்சுக்கினு மட்டும்தான் மா இருந்தேன்."

இருவரும் கம்பியைப் பார்த்தோம். அது அசையாமல் கிடந்தது. அந்த நுனி காற்றில் தொங்குகிறது, அங்கிருந்து யாரும் இழுக்க முடியாது. இந்த நுனி கல்குவியலில். நடுவில் நானும் அவளும்தான்.

பழைய கம்பி குளிரில் சுருங்கும், தளர்ந்த தூண் சாயும், அப்போது இழுக்கிற மாதிரி இருக்கும் என்று மோரா பிறகு சொன்னாள். அவளுக்கு மலை தெரியும், நான் மறுத்துப் பேசவில்லை. ஒரே கம்பி கயலுக்கு ஒரு இழுப்பும் எனக்கு இரண்டு இழுப்பும் எப்படிக் கொடுத்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை.

கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்படி கயலிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளாகவே வேண்டாம் என்றாள். வந்த வழியே திரும்பினோம், அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், எதிரும் புதிருமாகக் கம்பியில் கை வைத்துக்கொண்டு. அவள் பக்கத்துப் புல்லில் வேறு தடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பார்த்ததைச் சொல்லவில்லை.

கல்குவியலில் இட்லியைப் பிட்டு வைத்தோம். மேகத்துக்குள்ளிருந்து ஒரு அண்டங்காக்கை வந்து, கல்லின் மேல் உட்கார்ந்து, எங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தின்றது. மங்கைக்கு நான் சொன்ன பாதி இதுதான். அண்ணன் வந்துட்டாரு, விடுங்க அண்ணி என்று அவள் போனிலேயே அழுதாள்.

இப்போது கயல் தனியாகப் போவதில்லை. வானிலை பார்க்கிறாள், வழியைச் சொல்கிறாள். வசந்தத்தில் ஒரு போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறாள். நான் கடைசியாக வருவேன் என்றேன். திருப்பத்தில் நின்று கைதட்டுகிறேன் என்றாள்.

சொல்லாத பாதி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காக்கை போன பிறகு இறங்கத் திரும்பினோம். கயல் கல்குவியலைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தவள், நின்று, கம்பியைப் பிடித்தாள். ஒரு தடவை இழுத்தாள். கொஞ்சம் விட்டு, சின்னதாக இரண்டு. பிறகு கையை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவள் முகம் அப்போது இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பதில் வந்தால் இவள் இறங்க மாட்டாள் என்று தோன்றியது. எனக்கும் இறங்க மனம் வராது.

பதில் வருவதற்குள் அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கைக்குள் வைத்துக்கொண்டு, கீழே கூட்டி வந்துவிட்டேன்.